கிணற்றின் வாயை மூடிய வரலாறு

மாணவ நண்பர்களே, தஞ்சைத் தரணியில் பிறந்தவர்க்கு மடையின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆற்றிலிருந்து வாய்க்காலுக்கும், வாய்க்காலிலிருந்து வயலுக்கும் நீர் வருவது மடையின் வழியே. மடையைத் திறக்கச் சிறுவனும் போதும். பெருவெள்ளத்தின்போது அதனை உரிய வேளையில் அடைப்பதற்கோ அனுபவம் மிக்க கை வேண்டும். 1836-ஆம் ஆண்டில் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணையைக் கட்டத் தொடங்கிய நாள் முதல், காவிரி வெள்ளத்தைக் கொள்ளிடத்தில் திருப்பும் கதவுகள் நம் நாட்டுக்குக் காவலாய் நின்றன. 2018-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் அவற்றுள் ஒன்பது மதகுகள் ஒருசேர உடைந்து வீழ்ந்தபோதுதான், கதவு என்பது எத்துணைப் பெரிய பொருள் என்பதை நம்மிற் பலர் உணர்ந்தோம்.

இன்று நான் கூறப்போவது நீரின் கதவுகளைப் பற்றியதன்று. நம் வயல்களுக்கு வெகு ஆழத்திலும், நாகப்பட்டினத்துக் கடலுக்கு அடியிலும் உறங்கும் பாறை எண்ணெயையும் எரிவாயுவையும் மேலே கொணர மனிதன் படைத்த இயந்திரங்களைப் பற்றியது. இவ்வரலாற்றைக் கூறுவோர் பெரும்பாலும் எவ்வளவு ஆழம் தோண்டினார்கள் என்பதையே பேசுவர். தோண்டிய துளையை மூடக் கற்றது எவ்வாறு என்பதே இவ்வரலாற்றின் உயிர்நாடி என்பது என் கருத்து. அதனையே இங்கு விளக்க முயல்கின்றேன்.

முதலில் நம் மண்ணின் கதையைச் சிறிது காண்போம். ஏறத்தாழ பதினைந்து கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தியா, இலங்கை, அண்டார்க்டிகா ஆகிய நிலப்பகுதிகள் ஒன்றாய் இணைந்திருந்த பெருங்கண்டம் பிளவுறத் தொடங்கியது. அப்பிளவின்போது நிலம் பள்ளமும் மேடுமாய்ச் சரிந்தது. அப்பள்ளங்களிலே கடல் புகுந்தது. மணலும் களியும் அடுக்கடுக்காய்ப் படிந்தன. அரியலூர்ப் பக்கத்தில் அக்கடலின் சங்குகளையும் சுருள்வடிவ அம்மோனைட்டுகளையும் இன்றும் மண்ணிலே பொறுக்கி எடுக்கலாம். தஞ்சை, திருவாரூர், நாகப்பட்டினம் பகுதிகளிலோ அப்படிவங்கள் வண்டலின் கீழே ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்திற் புதைந்துள்ளன. அக்களிப்பாறைகளிற் சிக்கிய நுண்ணுயிர்ப் பொருள்களே வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் எண்ணெயாகவும் வாயுவாகவும் மாறின. மண்ணியலார் இதனைக் காவிரிப் படுகை என்பர். நிலத்தில் சுமார் 25,000 சதுர கிலோமீட்டர் பரவி, கடலுக்குள்ளும் நீண்டு செல்வது அது.

இந்திய மண்ணியல் ஆய்வுத் துறைக்கு 1951-இல் முதல் இந்திய இயக்குநராய் அமர்ந்த எம். எஸ். கிருஷ்ணன் அவர்கள் தஞ்சை மண்ணுக்கு உரியவர் என்பதை இங்கே பெருமையுடன் நினைவுகூரலாம். 1956-இல் எண்ணெய் இயற்கை எரிவாயு ஆணையம் நிறுவப்பட்டது. 1958-இல் குஜராத்தின் கம்பாத்திலும், 1960-இல் அங்கலேசுவரத்திலும் எண்ணெய் கிட்டியது. காவிரிப் படுகையில் முதல் ஆழ்துளை 1964-இல் காரைக்காற் பகுதியிலே தொடங்கப்பட்டது. ஆயினும் பயன்தரும் அளவில் எண்ணெய் கிடைக்க இருபது ஆண்டுகள் பொறுத்திருக்க நேர்ந்தது. 1980-களின் நடுப்பகுதியில் நரிமணமும் கோவில்களப்பாலும் செய்தித்தாள்களில் இடம்பெற்றன. 1993-இல் நாகப்பட்டினத்தை அடுத்த பனங்குடியில் சுத்திகரிப்பு ஆலை ஒன்று இயங்கத் தொடங்கியது. திருமாக்கோட்டையிலும் குத்தாலத்திலும் இவ்வெரிவாயுவைக் கொண்டு மின்சாரம் ஆக்கும் நிலையங்கள் எழுந்தன.

திருவாரூர்ப் பக்கத்துச் சிற்றூரில் வாழ்ந்த நான், அந்நாளில் வயலுக்கு நடுவே எழுந்த துளைக்கோபுரத்தை இரவில் தொலைவிலிருந்து கண்டதுண்டு. உச்சி முதல் அடிவரை விளக்குகள் ஒளிர, ஆழித்தேர் நிலையைவிட்டு வயலுக்குள் வந்துவிட்டதோ என்று எண்ணத் தோன்றும். அருகிற் சென்று பார்த்தபோது, அங்கு நடந்த வேலையின் அடிப்படை எனக்குப் புதியதாய் இல்லை. எங்கள் ஊரிலே தண்ணீருக்குப் போர் போடுவோர், குழாயைத் திருகிக்கொண்டே களிமண் கரைத்த நீரை உள்ளே செலுத்துவதைப் பார்த்திருக்கின்றேன். அங்கும் அதுவே நடந்தது. அளவுதான் பன்மடங்கு பெரிது.

இவ்வொற்றுமை தற்செயலன்று. எண்ணெய்க் கிணற்றுக் கலை, தண்ணீரும் உப்பும் தேடியவர்களின் கலையிலிருந்தே பிறந்தது. சீனத்துச் செச்சுவான் மாநில மக்கள் உப்புநீர் வேண்டிப் பல நூற்றாண்டுகளாய்த் துளைக் கிணறுகள் தோண்டினர். கனமான இரும்புளியை மூங்கிற்கழியில் கட்டி, மேலே தூக்கித் தூக்கிப் போட்டுப் பாறையை இடித்தனர். இம்முறையிலே 1835-ஆம் ஆண்டில் அவர்கள் ஆயிரம் மீட்டர் ஆழத்தைக் கடந்தனர். நீராவியும் உருக்குக் கம்பியும் இன்றி இதனைச் செய்தனர் என்பது வியப்பூட்டுகின்றது.

அமெரிக்காவில் 1859-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 27-ஆம் நாள், பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில் என்னும் ஊரில் எட்வின் டிரேக் தோண்டிய கிணற்றில் எண்ணெய் ஊறியது. ஆழம் 69 அடியே. அவர் செய்த புதுமை யாதெனில், மேல்மண் சரிந்து துளை தூர்ந்துபோவதைத் தடுக்க, வார்ப்பிரும்புக் குழாயைப் பாறை தட்டும்வரை அடித்து இறக்கி, அதனுள்ளே துளையிட்டதுதான். நம் ஊர்க் கிணற்றுக்கு உறை இறக்குவதை ஒத்த எளிய யோசனை அது. டிரேக் இதற்குக் காப்புரிமை பெறவில்லை. உலகம் செல்வமடைய, அவர் வறுமையில் வாடினார். 1873-இல் பென்சில்வேனிய அரசு இரங்கி அவருக்கு ஆண்டுக்கு 1,500 டாலர் உதவித்தொகை அளித்தது. இந்தியாவில் 1889-இல் அஸ்ஸாமின் டிக்பாயில் கிணறு தோண்டும் பணி தொடங்கியது.

இடித்துத் துளைக்கும் முறை கெட்டிப்பாறைக்கு ஏற்றது. மணலும் களியுமான நிலத்திற்கு ஏலாது. அத்தகைய நிலத்திற்குச் சுழற்றித் துளைக்கும் முறை வந்தது. மேடையில் உள்ள வட்டத்தட்டு சுழல, அதனோடு குழாயும் சுழல, குழாயின் நுனியிலுள்ள அலகு மண்ணை அறுக்கும். குழாயின் உட்புறமாய்க் கீழே செலுத்தப்படும் சேற்றுக் கரைசல், அறுபட்ட துகள்களை ஏந்திக்கொண்டு வெளிப்புறமாய் மேலே திரும்பும். 1901-ஆம் ஆண்டு ஜனவரி 10-ஆம் நாள் டெக்ஸாஸ் நாட்டு ஸ்பிண்டில்டாப் மேட்டில் இம்முறையின் ஆற்றலை உலகம் கண்டது. கிணறு பீறிட்டது, எண்ணெய் கோபுரத்தின் உச்சியைத் தாண்டி நூறடிக்கும் மேலே எழுந்தது. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் பீப்பாய் வீதம் ஒன்பது நாள்கள் வீணாய் ஓடியபின்னரே அதனை அடக்கினர். அந்நாளில் மக்கள் அதனை வெற்றியின் சின்னமாய்க் கருதி, வேடிக்கை பார்க்கத் திரண்டனர். இன்றைய பொறியாளரோ அதனைத் தோல்வி என்றே கூறுவார். கிணற்றின் வாய் கைவிட்டுப் போயிற்று என்பதற்கு அதுவே சான்றன்றோ?

ஆழத்தைப் பெருக்கிய கருவிகளுள் தலையாயது ஹோவர்ட் ஹியூஸ் என்பார் 1909-இல் காப்புரிமை பெற்ற உருளும் கூம்பு அலகு. பழைய அலகு மீன்வால் போன்ற தகடு. கெட்டிப்பாறையைக் கண்டால் மழுங்கிவிடும். ஹியூஸின் அலகில் பற்கள் நிறைந்த இரு கூம்புகள், தாம் உருண்டுகொண்டே பாறையை நொறுக்கின. 1933-இல் அவருடைய நிறுவனத்தார் மூன்று கூம்புகள் ஒன்றோடொன்று பல் பொருந்தி உருளும் அலகைக் கொண்டுவந்தனர். பல ஆயிரம் மீட்டர் ஆழத்திற்கு வழி பிறந்தது.

ஆழம் பெருகப் பெருக ஆபத்தும் பெருகிற்று. இதற்குரிய கணக்கு மிக எளியது. பத்து மீட்டர் உயர நீர்த்தூண் ஒரு வளிமண்டல அழுத்தத்திற்கு நிகர். ஆகவே 3,000 மீட்டர் ஆழத்துப் பாறையின் நுண்துளைகளில் உள்ள நீருக்கும் வாயுவுக்கும் குறைந்தது 300 வளிமண்டல அழுத்தம் இருக்கும். அவ்வாயுவை எது தடுத்து நிறுத்தும்? துளையில் நிறைந்துள்ள சேறே முதற் காவல். அதன் எடை பாறையின் அழுத்தத்தைவிடச் சற்று மிகுந்திருக்க வேண்டும். நீரைவிட நான்கு மடங்கிற்கும் மேல் கனமான பேரைட் என்னும் தாதுவைப் பொடித்துச் சேற்றிற் கலப்பது இதன் பொருட்டே. ஆந்திரத்தின் கடப்பைப் பக்கத்து மங்கம்பேட்டையில் இத்தாது மிகுதியாய்க் கிடைக்கின்றது. சேறு மிக இலேசாயின் வாயு எழும். மிகக் கனமாயின் பாறை வெடித்துச் சேறே உள்ளே ஓடிவிடும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட ஒடுங்கிய பாதையிலே பொறியாளர் நடந்தாக வேண்டும்.

சேறு தோற்றால் என் செய்வது? இவ்வினாவிற்கு 1922-இல் ஜேம்ஸ் ஏபர்க்ராம்பி, ஹாரி கேமரன் ஆகிய இருவர் விடை கண்டனர். முன்னவர் துளைப்பு வேலையில் தேர்ந்தவர். பின்னவர் டெக்ஸாஸ் நாட்டு ஹம்பிள் ஊரில் பட்டறை நடத்தியவர். கிணற்றுவாயின் இரு புறத்திலிருந்தும் இரண்டு உருக்குக் கட்டைகள் நெருங்கி வந்து, நடுவே நிற்கும் குழாயை இறுக அணைத்து, சுற்றியுள்ள இடைவெளியை அடைத்துவிடும். நம் மதகில் பலகை மேலிருந்து கீழே இறங்கும். இங்கே இரண்டு பலகைகள் எதிரெதிராய்ப் பக்கவாட்டில் வந்து பொருந்தும். வேறுபாடு அவ்வளவே. ஒரு சதுர அங்குலத்துக்கு 3,000 பவுண்டு அழுத்தத்தை அது தாங்கிற்று. 1926-இல் காப்புரிமை கிடைத்தது. ப்ளோ அவுட் ப்ரிவெண்டர் என்று உலகெங்கும் பெயர் பெற்ற பீறல்தடுப்புப் பொறி இதுவே. பின்னாளில், தடித்த ரப்பர் வளையம் சுருங்கி எவ்வளவு பருமனுள்ள குழாயையும் பற்றும் வகை ஒன்றைக் கிரான்வில் நாக்ஸ் அமைத்து 1952-இல் காப்புரிமை பெற்றார். குழாயையே கத்தரித்துத் துளையை அடைக்கும் கத்திக் கட்டைகளும் சேர்ந்தன. இவற்றையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கிக் கிணற்றுவாயில் நிறுத்துவது வழக்கமாயிற்று.

கண்ணுக்குத் தெரியாத மூன்றாவது காவல் ஒன்றும் உண்டு. துளையில் இறக்கிய உருக்குக் குழாய்க்கும் பாறைக்கும் இடையே சிமெண்டுக் குழம்பைச் செலுத்தி இறுகவிடுவர். 1919-இல் இத்தொழிலைத் தொடங்கிய எர்ல் ஹாலிபர்ட்டன் இதனைப் பரவச் செய்தார். நம்மைப் போன்ற நாட்டாருக்கு இதுவே தலையாய காவல் எனலாம். ஏனெனில், எண்ணெய் தேடிச் செல்லும் துளை முதலில் நாம் குடிக்கும் நீர் ஊறும் மணற்படுகைகளைக் கடந்தே கீழே செல்கின்றது. உப்புநீரும் எண்ணெயும் வாயுவும் அம்மணலுக்குள் ஏறாதிருப்பது, சில அங்குலத் தடிப்புள்ள சிமெண்டு வளையத்தின் நேர்மையைப் பொறுத்தது.

இனிக் கடலுக்குச் செல்வோம். முதலில் கால் ஊன்றி நிற்கும் மேடைகள் வந்தன. 1947-இல் மெக்சிகோ வளைகுடாவில், கரை கண்ணுக்கு மறைந்த தொலைவில், முதற் பயனுள்ள கிணறு தோண்டப்பட்டது. 1970-இல் நம் நாட்டினர் கம்பாத் வளைகுடாவின் அலியாபெட்டிலே கடற்கிணற்றுப் பணியைத் தொடங்கினர். ஜப்பானிற் கட்டப்பட்ட சாகர் சாம்ராட் என்னும் துளைமேடை 1974-இல் பம்பாய் ஹையில் எண்ணெய் கண்டது.

ஆழ்கடலிலோ கால் ஊன்ற இயலாது. மிதந்துதான் ஆக வேண்டும். 1961-இல் குஸ் என்னும் கப்பல், மெக்சிகோவின் குவாடலூப் தீவருகே, 3,500 மீட்டருக்கும் மிகுந்த ஆழமுள்ள கடலில் நங்கூரமின்றித் தன் சுழல்விசிறிகளாலேயே இடம் பெயராது நின்று கடலடியைத் துளைத்தது. அதே காலத்தில் ஷெல் நிறுவனத்தார் பாதி மூழ்கி மிதக்கும் மேடையைப் பயனுக்குக் கொணர்ந்தனர்.

மிதக்கும் கலம் அலையில் எழுந்து தாழும். புயல் வந்தால் விலகியோட வேண்டியிருக்கும். ஆகவே பீறல்தடுப்புப் பொறி கலத்தின் மேல் இருந்தாற் பயனில்லை. கலம் விலகினால் கிணறு திறந்த வாயோடு கிடக்கும். எனவே அப்பொறியைக் கடலடியிலேயே, கிணற்றின் தலையிலே பூட்ட வேண்டியதாயிற்று. மனிதக் கை எட்டாத இருளில் ஓர் உருக்குத் தலையை மற்றொன்றோடு எவ்வாறு பொருத்துவது? கடலடியில் முதலில் ஒரு சட்டத்தை இறக்கினர். அதன் தூண்களிலிருந்து கலம்வரை கம்பிகளை விறைப்பாய்க் கட்டினர். தேரை வடம் வழிநடத்துவதுபோல, அக்கம்பிகளின் வழியே பொறி இறங்கித் தன் இடத்தில் அமரும். எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் நகங்கள் அதனைக் கவ்வும். கலத்தோடு தொடர்பு அற்றுப்போனாலும் மூடுவதற்கு வேண்டிய விசையை, அழுத்தமேற்றிய உருளைகளில் முன்னரே சேமித்து வைத்தனர். இயக்கும் தலைப்பெட்டிகளை, ஒன்று பழுதுபட்டால் மற்றொன்று உதவுமாறு இரட்டையாய் அமைத்தனர்.

துளைப்பு முடிந்தபின் இப்பொறியை எடுத்துவிட்டு, அவ்விடத்தில் வால்வுகளின் அடுக்கு ஒன்றைப் பொருத்துவர். கிளைகள் விரிந்த தோற்றத்தால் அதற்குக் கிறிஸ்துமஸ் மரம் என்று தொழிலாளர் பெயரிட்டனர். 1961-இல் மெக்சிகோ வளைகுடாவில் சுமார் 55 அடி ஆழத்தில் ஷெல் நிறுவனத்தார் கடலடியில் இத்தகைய மரத்தை நிறுவினர். 1975-இல் வட கடலின் ஆர்கைல் வயலில், கடலடிக் கிணறுகளின் எண்ணெயை மிதக்கும் மேடை ஒன்று ஏற்கத் தொடங்கியது.

இம்முறை இந்தியாவில் முதன்முதலாய் நடைமுறைக்கு வந்தது எங்கே தெரியுமா? நம் காவிரிப் படுகையிலேதான். புதுச்சேரிக்குத் தெற்கே சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில், 40 முதல் 450 மீட்டர் வரை ஆழமுள்ள கடற்பரப்பில், பி.ஒய்-3 எனப்படும் வயல் உள்ளது. 1988-இல் கண்டறியப்பட்ட அவ்வயலில் 1997-இல் உற்பத்தி தொடங்கியது. கடலடிக் கிணற்றுத் தலைகளும் மிதக்கும் உற்பத்திக் கலமும் கொண்டு இந்தியாவில் இயங்கிய முதல் வயல் அதுவே. 2011-இல் உற்பத்தி நிறுத்தப்பட்டது. தரங்கம்பாடிக் கடற்கரையில் நின்று கீழ்வானத்தை நோக்குவோர்க்கு அங்கே ஒன்றும் புலப்படுவதில்லை. எனினும் நம் நாட்டுப் பொறியியல் வரலாற்றின் ஏடு ஒன்று அந்த நீரின் அடியில் உள்ளது.

நண்பர்களே, இத்துணைக் காவல்கள் இருந்தும் தீங்கு நேரவில்லையா என்று நீங்கள் வினவலாம். நேர்ந்ததுண்டு. 1995-ஆம் ஆண்டு ஜனவரியில் கோதாவரிக் கழிமுகத்துப் பாசர்லபூடியில், நம் ஊரைப் போன்றே நெல்லும் தென்னையும் செழித்த நிலத்தில், எரிவாயுக் கிணறு ஒன்று பீறிட்டுத் தீப்பற்றி, இரண்டு மாதங்களுக்கும் மேல் எரிந்தது. 2010-ஆம் ஆண்டு ஏப்ரல் 20-ஆம் நாள் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹரைசன் என்னும் கலம் வெடித்துப் பதினொருவர் மாண்டனர். அங்கே கிணற்றின் அடியில் இட்ட சிமெண்டு காக்கவில்லை. அழுத்தச் சோதனையின் முடிவைத் தவறாய்ப் பொருள் கொண்டனர். இறுதியில், சுமார் 1,500 மீட்டர் ஆழத்திலிருந்த பீறல்தடுப்புப் பொறியின் கத்திகளுக்கு இடையே குழாய் வளைந்து ஒரு பக்கமாய் ஒதுங்கி நின்றமையால், அவை முழுவதும் வெட்டி மூட இயலவில்லை. எண்பத்தேழு நாள்களுக்குப் பின்னரே கிணற்றின் வாய் அடைபட்டது. 2020-இல் அஸ்ஸாமின் பாக்ஜானில் மே மாதம் பீறிட்ட கிணற்றை நவம்பரிலேதான் அடக்க முடிந்தது. இவற்றை ஆராய்ந்தால் ஓர் உண்மை விளங்கும். பெருந்தீங்கு ஒரே ஒரு கருவியின் பிழையால் வருவதில்லை. ஒரு காவல் தளரும்போது, அடுத்த காவல் இருக்கின்றது என்று மனிதன் அயர்வதனாலேயே வருகின்றது.

இதனால்தான் நம் உழவர்கள் கேட்ட கேள்விகளை அறியாமை என்று நான் ஒருபோதும் கருதியதில்லை. 2017-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள் கதிராமங்கலத்தில் குழாயிலிருந்து எண்ணெய் வயலிற் கசிந்தபோது ஊர் திரண்டெழுந்தது. 2020-ஆம் ஆண்டில் தமிழக அரசு, தஞ்சை, திருவாரூர், நாகப்பட்டினம் ஆகியவற்றையும் அண்டைப் பகுதிகள் சிலவற்றையும் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் இயற்றியது. அம்மண்டலத்தில் எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் புதிதாய்த் துளையிடுதல் தடுக்கப்பட்டது. முன்னரே நடந்துவந்த பணிகளை அச்சட்டம் தொடவில்லை. வயலா, கிணறா என்னும் வழக்கில் இரு பக்கத்தார்க்கும் சொல்ல நியாயம் உண்டு. நாம் ஏற்றும் விளக்குக்கும் ஓட்டும் பேருந்துக்கும் எரிபொருள் எங்கிருந்தோ வந்தாக வேண்டும் என்பதும் மெய். நெல் விளையும் மண்ணும் நன்னீர் ஊறும் மணலும் ஒருமுறை கெட்டால் எளிதில் மீளா என்பதும் மெய்.

ஆனால் வழக்கு எவ்வாறு முடியினும், ஒரு கடமை நம்மை விட்டு நீங்காது. முன்னரே தோண்டிய கிணறுகள் நம் வயல்களின் நடுவே உள்ளன. எண்ணெய் வற்றிய கிணறு தானாகச் செத்துவிடுவதில்லை. உருக்கு துருவேறும், சிமெண்டு வெடிக்கும், எஞ்சிய வாயு வழி தேடும். ஆகவே வற்றிய கிணற்றின் உள்ளே பல ஆழங்களில் சிமெண்டு அடைப்பான்களை இறுக்கி, ஒவ்வொன்றையும் சோதித்து, மேற்றலையை நிலமட்டத்திற்குக் கீழே அறுத்து மூட வேண்டும். அவ்விடத்தைப் பின்னரும் கண்காணிக்க வேண்டும். புதிய கண்டுபிடிப்பின் புகழ் இவ்வேலைக்குக் கிட்டாது. செய்தித்தாளிற் படமும் வாராது. எனினும் ஐம்பது ஆண்டு கழித்து அவ்வயலில் கிணறு வெட்டித் தண்ணீர் குடிப்பவன், இன்று இவ்வேலையைச் செய்பவனின் கைந்நேர்மையை நம்பியே குடிப்பான்.

பொறியியல் பயிலும் மாணவர்களே, உங்களிற் சிலர் நாளை இத்தொழிலுக்குச் செல்லக்கூடும். வேறு சிலர் அதிகாரிகளாய், இன்னும் சிலர் உழவர்களாய் இக்கிணறுகளின் அருகே வாழக்கூடும். ஒரு கிணற்றைப் பற்றிக் கேள்வியுறும்போது, எவ்வளவு ஆழம் என்று மட்டும் கேளாதீர்கள். எத்தனை காவல்கள் உள்ளன, அவற்றை யார் எப்போது சோதித்தார், இறுதியில் எவ்வாறு மூடுவர் என்றும் கேளுங்கள். ஆயிரம் ஆண்டுகளாய் மடை காத்து வாழ்ந்த நாட்டின் பிள்ளைகள் கேட்க வேண்டிய கேள்விகள் இவையே.